மீட்டர் அண்ணாச்சியும் கடையநல்லூர்க் காரும்

தென்காசியில் ஆளுக்கொன்றை நம்பிக்கொண்டிருந்தார்கள். சிலர் சாமியை, சிலர் சீட்டுக் கம்பெனியை, மற்றவர்கள் சாரலை. எதையுமே நம்பாத ஒரே மனிதர் மீட்டர் அண்ணாச்சிதான்.

எண்பதுகளின் கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தி வந்தேன். அடுத்த கடை அவருடையது. கார், லாரிகளுக்கு ஒயரிங் வேலை. கரண்டு ஓடுகிறதா என்று பார்க்கும் கறுப்பு மீட்டர் ஒன்று எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும். "லைட்டு எரியல அண்ணாச்சி" என்று யாராவது வந்தால், "எரியலன்னு நீருதான சொல்லுதீரு? மீட்டர் சொல்லட்டும்" என்பார்.

சீசனுக்குக் குற்றாலத்தில் குளிக்கப் போனாலும் மீட்டர் பாலிதீன் பையில் கூடவே வரும். ஒரு தடவை மெயினருவித் தண்ணீரையும் ஐந்தருவித் தண்ணீரையும் தனித்தனிச் செம்பில் பிடித்து, மீட்டர் ஒயரை உள்ளே விட்டுப் பார்த்து, "ஐந்தருவிதான் சுத்தம்" என்று அறிவித்தார். மெயினருவியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் அடிக்க வந்துவிட்டார்கள்.

அவர் மனைவி செண்பகம் அக்கா ஒருநாள் கேட்டே விட்டாள். "இவ்வளவு பாக்கியளே, எனக்குத் தாலி கட்டுததுக்கு முந்தி மீட்டர் வச்சுப் பாத்தியளா?"

"அப்பம் எங்கிட்ட மீட்டர் கெடையாதுட்டி" என்றார் அண்ணாச்சி.

அந்தச் சமயத்தில்தான் கடையநல்லூர் காசிம் பாய் வளைகுடாவிலிருந்து ஒரு ஜப்பான் காரோடு வந்தார். கிளட்ச் கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். அவர் தம்பி சலீமுக்குச் சின்ன வயதிலேயே இடது கால் விளங்காமல் போய்விட்டது. தம்பி வாழ்நாளில் ஒரு காராவது ஓட்ட வேண்டும் என்று, கிளட்ச் இல்லாத காராகத் தேடி வாங்கி, கப்பலேற்றிக் கொண்டு வந்திருந்தார்.

சலீம் நன்றாகவே ஓட்டினார். ஆனால் சில நாளில் வண்டி கோளாறு செய்தது. மேட்டில் ஏறும்போது வேகம் காட்டும் முள் திடீரென்று பூஜ்யத்தில் விழும். உடனே வண்டி மேல் கியருக்குப் போகாமல் கத்தத் தொடங்கும். நிறுத்திவிட்டுக் கிளம்பினால் சமர்த்தாக ஓடும். திருநெல்வேலியில் ஒரு மெக்கானிக், "கியர்பாக்ஸை இறக்கி மெட்ராஸுக்கு அனுப்பணும்" என்று சொல்லிவிட்டார். காசிம் பாய்க்கு லீவு முடிகிற நேரம். இறக்கிய கியர்பாக்ஸ் ஊர் திரும்புமா என்று யாருக்கும் தெரியாது. முகம் வாடிப்போய் இரண்டு பேரும் அண்ணாச்சி கடை வாசலில் வந்து நின்றார்கள்.

அண்ணாச்சி யோசித்தார். "முள்ளு விழுந்தாத்தான் கியரும் அடம் பிடிக்குது. ரெண்டுக்கும் ஒரே எடத்துலேருந்துதான் சேதி போவணும்." காருக்கடியில் புகுந்தார். கியர்பாக்ஸில் விரல் தண்டிக்கு ஒரு சென்சார் சொருகியிருந்தது. வண்டி என்ன வேகத்தில் போகிறது என்று, கியரை மாற்றச் சொல்லும் எலக்ட்ரானிக் பெட்டிக்குச் சேதி சொல்வது அதுதான். மீட்டரை வைத்தார். முள் அசையவில்லை.

"சென்சார் செத்துப்போச்சு பாய். வளைகுடாவுலேருந்து புதுசு வரணும்."

காசிம் பாய் பெருமூச்சு விட்டபடி போய்விட்டார். சாயங்காலம் ஒரு லாரியில் மீட்டரை வைத்தபோதும் முள் அசையவில்லை. அண்ணாச்சி மீட்டரின் இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தார். மீட்டர் சரியாக இருந்தால் முள் துள்ள வேண்டும். அப்போதும் அசையவில்லை. மீட்டரின் ஒயர்தான் அறுந்திருந்தது!

"மீட்டரை நம்பிட்டேனே சார்!" என்று என்னிடம் வந்து புலம்பினார். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். கேட்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கடையநல்லூருக்கே மிதித்துப் போய், "நான் சொன்னது தப்பு பாய், ஆர்டர் போட்றாதிய" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் புது ஒயரோடு பார்த்தால் சென்சார் கல்லு மாதிரி இருந்தது. முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் முள் துடித்தது. சென்சாரிலிருந்து பெட்டி வரைக்கும் போகும் ஒயரும் சரி. எல்லாமே சரி. ஆனால் வண்டி மட்டும் சரியில்லை.

"நிக்கும்போது யோக்கியன் மாதிரி நிக்கான். ஓடும்போது புடிக்கணும்" என்றார் அண்ணாச்சி.

ரேடியோக் கடையில் இன்னொரு மீட்டர் இரவல் வாங்கினார். சென்சார் பக்கத்திலிருந்து இழுத்த ஒயர் என் மடியிலிருந்த மீட்டருக்கு வந்தது. பெட்டிப் பக்கத்து ஒயர் அவர் மீட்டருக்குப் போனது. சலீம் ஓட்ட, காசிம் பாய் பின்சீட்டில் துவா ஓத, குற்றாலம் ரோட்டில் கிளம்பினோம். மேடு வந்தது. வண்டி கத்தியது.

"அண்ணாச்சி, என் மீட்டர்ல கரண்டு இருக்கு!" என்று நான் கூவினேன்.

அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு, தொண்டை கிழிய, "விழுந்துட்டு! விழுந்துட்டு!" என்று கத்தினார்.

டீக்கடையில் இருந்தவர்கள் அப்படியே கிளாஸை வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். "புள்ளையா? எந்தப் பக்கம் விழுந்துச்சு?" என்று இரண்டு பேர் ஓடைக்குள்ளேயே இறங்கிவிட்டார்கள். விழுந்தது மீட்டர் முள் என்று புரிய வைப்பதற்குள் எங்களை அடிக்காமல் விட்டதே பெரிது.

சென்சார் சேதி சொல்கிறது, பெட்டிக்குப் போய்ச் சேரவில்லை. ஆக, கோளாறு நடுவிலுள்ள ஒயரில். அண்ணாச்சி பானெட்டைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒயரை விரலால் வருடிக்கொண்டே போனார். ஒரு இரும்புப் பட்டையில் உரசும் இடத்தில் நின்றார். மேலே ரப்பர் லேசாகத் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். உள்ளே செம்பு அறுந்திருந்தது. மேட்டில் என்ஜின் அசையும்போது பிரியும், நின்றதும் ஒட்டிக்கொள்ளும். வெட்டினார், முறுக்கிச் சேர்த்தார், டேப் சுற்றிப் பட்டையை விட்டுத் தள்ளிக் கட்டினார்.

"தம்பி, ஓட்டிப் பாரும்."

சலீம் அண்ணனை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கார் மேட்டில் ஒவ்வொரு கியராக மாறி, சத்தமில்லாமல் வளைவில் மறைந்தது. மறைந்தது மறைந்ததுதான். சந்தோஷத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் செங்கோட்டை தாண்டிப் புளியறை செக்போஸ்ட் வரைக்கும் போய்விட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. வேலைக்காகக் கழற்றிப் போட்ட அண்ணாச்சியின் சட்டையும் செருப்பும் காருக்குள்ளேயே இருந்தன.

"வண்டிக்கு ஒண்ணும் ஆயிருக்காதே?" என்றேன்.

"ஆயிருந்தா திரும்பி வந்திருப்பான் சார். வரல பாத்தீரா? நல்லாப் போவுது" என்று சிரித்தார்.

சாரல் விழத் தொடங்கியது. வெற்று உடம்போடும் வெறுங்காலோடும் தென்காசியைப் பார்த்து முன்னே நடந்தபடி, அந்த ஒயர் எப்படி ஏமாற்றியது என்பதை முதலிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தார். எல்லாம் நான் கூடவே இருந்து பார்த்ததுதான். ஆனாலும், அவர் சொல்லி முடிப்பதற்குள் ஊர் வந்துவிடுமே, குற்றாலத்துக்கு இவ்வளவு பக்கத்திலா தென்காசியைக் கட்டியிருக்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றியது.