மீன் ஊறுகாய்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர்களுக்குக் கல்யாணம் ஆவது கஷ்டம். எனக்கு ஆனதற்குக் காரணம் அழகோ ஜாதகமோ அல்ல. அவசரகாலச் சட்டமும் ஒரு முள்வேலியும்தான்.

அப்போது எனக்கு இருபது வயது. மலாக்காவில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. (ஆறு மாத டீச்சருக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது. அப்புறம்தான் வருஷத்துக்கு ஒன்றாகத் தெரியாமல் போகும்.) வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்துக் காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று தோட்டத்துக் குடியிருப்பைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். அரிசி ரேஷன். மாலை ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டினால் மறுநாள் காலையில்தான் திறப்பார்கள்.

அப்பா தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. அவர் எனக்குப் பார்த்த மூன்றாவது மாப்பிள்ளை, தெங்கேராவில் மளிகைக் கடை வைத்திருந்த நல்லதம்பி ஐயாவின் மகன் செல்வராசு. முதல் இரண்டு மாப்பிள்ளைகளும் என் வாயைப் பற்றிக் கேள்விப்பட்டு வராமலே நின்றுவிட்டார்கள். "இதுவும் நின்னுபோனா, இனிமே நான் யாரு வாசல்லயும் போய் நிக்க மாட்டேம்மா" என்றார் அப்பா. அதட்டியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். கெஞ்சினார்.

நல்லதம்பி ஐயாவுக்கு ஊர் வைத்த பெயர் நோட்டீஸ்காரர். சாமி பற்றி ஏதாவது தோன்றினால் உடனே அச்சடித்து விநியோகித்துவிடுவார். பெண் பார்க்க வந்த அன்றும் தாம்பூலத் தட்டில் வெற்றிலைக்கு அடியில் ஒரு கட்டு நோட்டீஸ் இருந்தது.

"பாடச் சொல்றதெல்லாம் பழைய காலம். டீச்சர் பொண்ணுதானே, இதப் படிம்மா, கேப்போம்" என்று ஒன்றை என்னிடம் நீட்டினார்.

படித்தேன். அம்மன் இந்த மண்ணில் முதலில் தோன்றிய இடம் பக்கத்து ஊரான பாயா ரும்புட்டாம். பாயாத பாம்பு குடியிருந்த அரிய புற்று அங்கே இருந்ததாம். 'பாயா அரும்புற்று' என்பதுதான் தேய்ந்து பாயா ரும்புட் ஆனதாம். ஆகவே ஆடி மாதம் எல்லாத் தோட்டத்துக் கரகமும் முதலில் அங்கேதான் வர வேண்டுமாம்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கும்பிடே இருந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

"ஐயா, பாயான்னா சதுப்பு. ரும்புட்டுன்னா புல்லு. புல்லு மண்டுன சதுப்பு, அவ்ளோதான்லா. அங்க மேயிற ஆட்டுக்கே தெரியும்."

"அது இப்ப சொல்ற அர்த்தம்மா. ஆதியிலே..."

"ஆதாரம் இருக்கா?"

"மலாய்க்காரங்க ஊருக்குக் கம்போங்குன்னு சொல்றாங்களே, அதுவும் கம்பம்தான். மாரியம்மனுக்குக் கம்பம் நட்ட எடமெல்லாம் கம்போங்கு!"

"அம்மன் அங்க இருக்கான்னா இருந்துட்டுப் போறா, நானும் வந்து கும்பிடறேன். அதுக்கு ஏன் மலாய்க்காரங்க பேச்சப் பிச்சு ஒட்டணும்?"

இத்தோடு நிறுத்தியிருந்தால் என்னைக் கெட்டிக்காரி என்றாவது சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர் விடவில்லை. "எல்லாம் தெரிஞ்ச டீச்சரம்மா, அப்ப மலாக்கான்னா என்னா? சொல்லு பாப்போம்" என்றார்.

எனக்குத் தெரியாது. 'தெரியாது' என்று சொல்லவும் தெரியாது.

"அது ஒரு மீனு" என்றேன்.

"எந்த மீனு?"

"ஆத்து மீனு. இப்ப இல்ல. அழிஞ்சு போச்சு."

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த செல்வராசு தலையை நிமிர்த்தினார். "மரம்னுல்ல சொல்வாங்க? நம்ம வீட்டுக்குப் பின்னாலயே நிக்குதே, நெல்லி. மலாய்க்காரங்க அதத்தானே மெலாக்காங்கிறாங்க." பிறகு மிகவும் மரியாதையாக, "மீனுக்கு ஆதாரம் இருக்குங்களா?" என்றார்.

எங்கள் அப்பா உட்பட எல்லாரும் சிரித்தார்கள். நோட்டீஸ்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நோட்டீஸை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "கெளம்புங்க எல்லாரும்" என்று எழுந்துவிட்டார். அப்பா பின்னாலேயே ஓடினார். மாப்பிள்ளை வீட்டார் ஆறு பேரும் விறுவிறுவென்று கேட்டுக்குப் போனார்கள்.

கேட்டு பூட்டியிருந்தது. நாங்கள் சொல்லாராய்ச்சி செய்து முடிப்பதற்குள் மணி ஆறேகால் ஆகியிருந்தது. காவலுக்கு நின்ற மலாய்க்காரர் 'தா போலே' என்று கையை விரித்துவிட்டார். முடியாது என்று அர்த்தம். இந்தச் சொல்லுக்கு மட்டும் நல்லதம்பி ஐயா வேறு அர்த்தம் சொல்லவில்லை.

கோபித்துக்கொண்டு போனவர்கள் அதே கோபத்தோடு திரும்பி வந்து எங்கள் கூடத்திலேயே உட்கார்ந்தார்கள். இனி விடியும் வரை அங்கேதான். பெரிய சிக்கல் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. வெற்றிலை பாக்கு மாற்றாத வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுக் கை நனைக்க மாட்டார்கள். நனைத்தால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். காப்பி வரைக்கும் மன்னிப்பு உண்டு, இலைக்குக் கிடையாது.

வீட்டில் ரேஷன் அரிசியும் தீரும் நேரம். அம்மா மரவள்ளிக்கிழங்கை அவித்து, நெத்திலிச் சம்பல் வைத்தாள். அந்த வாசனை கூடத்துக்குப் போனது. ஆறு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூக்கால் சாப்பிட்டார்கள். அப்பா கதவோரம் நின்றுகொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. என் வாயை நானே வெறுத்தது அன்றைக்குத்தான்.

ஏழரை மணிக்கு நல்லதம்பி ஐயா தொண்டையைச் செருமினார். "கை நனைக்கிறதுங்கிறது சோத்துக்குத்தான். கெழங்குக்கு அது சேராது. ஆதியிலே 'நனை'ங்கிற சொல்லே..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தி, அடுப்படிப் பக்கம் பார்த்தார். "என்னா டீச்சரம்மா, ஆதாரம் கேக்கலியா?"

அப்பா அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அதெல்லாம் வேணாம். ஆறிடப் போவுது, சாப்புடுங்க மாமா" என்றேன்.

'மாமா' தானாக வந்துவிட்டது. சத்தியமாக யோசித்துச் சொல்லவில்லை. அவர் கையைக் கழுவிக்கொண்டு இலையில் உட்கார்ந்தார். இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

காலையில் கேட்டைத் திறந்ததும் அப்பாவிடம், "வர்ற வெள்ளிக்கெழம வெத்தல மாத்திக்கலாம் கிராணி. எதுத்துப் பேச வீட்ல ஒரு ஆளில்லாம எனக்கு நாக்கே செத்துப் போச்சுலா" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அழுதுவிட்டார். நானும்தான்.

மாமா சாகும்வரை எல்லா நோட்டீஸையும் அச்சுக்குப் போகுமுன் என்னிடம்தான் காட்டினார். ஆதாரமில்லாத வரிகளை நான் அடித்துக் கொடுப்பேன். அடித்த வரிகளை மட்டும் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டு வருவார். அப்படி ஒரு மனிதரோடு சண்டை போடக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

கல்யாணமான முதல் வாரம், என் கணவர் பின்வாசல் நெல்லிக்காய் ஊறுகாயை என் தட்டில் வைத்து, "மீனு. இன்னும் அழியல" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நெல்லிக்காய் ஊறுகாய்க்குப் பெயர் மீன் ஊறுகாய். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் கேட்டு வாங்குவார்கள்.

சமீபத்தில் கோயில் சொற்பொழிவுக்கு வந்த பெரியவர் ஒருவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். சுத்த சைவம். பேத்தி, "தாத்தா, மீன் ஊறுகா வைக்கவா?" என்று கேட்டதும் பதறிப்போனார். நெல்லிக்காயைக் காட்டிய பிறகு கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆகா! மச்சாவதாரம் எடுத்தப்போ பெருமாள் ஒதுங்குனது நெல்லி மரத்தடியிலதான். பேரே சாட்சி சொல்லுது பாருங்க!" என்றார்.

குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்த்தது. நான் ஆதாரம் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? ஆதாரமே நான்தானே.