எஞ்சினுக்கு நான் கற்றுக்கொடுத்த பிராணாயாமம்

பெட்ரோலும் கருகிய நெத்திலியும் ஒன்றாக மணப்பதை முகர்ந்தவர்கள் இந்த உலகத்தில் இருபது பேர்தான் இருப்போம். அதில் நான் குற்றவாளி, மற்றவர்கள் சாட்சிகள். இன்றும் எந்த வீட்டு அடுப்பிலாவது நெத்திலி கொஞ்சம் கூடுதலாக வறுபட்டால் போதும். வெயில், மணல், அலை, ஒற்றை விமானம் என்று எல்லாம் எழுந்து வந்துவிடுகின்றன.

எண்பதுகளின் தொடக்கம். நயினார்கோவில் பக்கத்து விவசாயச் சம்சாரி வீட்டுப் பிள்ளையான எனக்குப் புதுமடம் தபாலாபீசில் வேலை. நான் பி.ஏ. ஆங்கிலம் (மூன்றாம் வகுப்பு, இதை ஊரில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை). விசாக் காகிதங்களை வாசித்துச் சொல்வதால் மரியாதை நாளுக்கு நாள் ஏறியது. அறிவு ஏறியதாகத் தெரியவில்லை.

சாகுல் காக்கா வளைகுடாவில் மெக்கானிக். மூன்று மாத விடுப்பில் வந்தவர், ஒரு பழைய கார் எஞ்சினையும் விமானம் கட்டுவது எப்படி என்ற புத்தகத்தையும் கொண்டுவந்து, மாமனாரின் படகுப் பட்டறையில் ஒற்றை ஆள் விமானம் கட்டத் தொடங்கினார். (அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்பார்கள். 'காக்கா பறக்கப் போகுதாம்ல' என்று ஊரே சிரித்தது.)

மாமனார் காசிம் மாமா மட்டும் சிரிக்கவில்லை.

"நீ ஆகாசத்துக்குப் போக வேணாம் மருமகனே. நான் ஒரு யாசீன் ஓதி முடிக்கிற வரைக்கும் இந்த எஞ்சின் நிக்காம ஓடட்டும். பட்டறையை உங்கையில தாரேன், இங்கனயே இருந்துக்க. நின்னுச்சுன்னா மறுபடி சவுதிதான்."

குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதக் கால்மணி நேரம் ஆகும். அந்தக் கால்மணி நேரத்தில்தான் காக்காவின் மீதி ஆயுசும், அவர் மனைவி பரீதா அக்காவின் தூக்கமும் தொங்கிக்கொண்டிருந்தன.

எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வழி பற்றிய பக்கத்தில் காக்கா தடுக்கி நின்றார். "தம்பி, 'ஆல்டர்னேட் ஏர்'னு போட்டுருக்கு. ரெண்டு ஓட்டை. ஒண்ணுல வடிகட்டி இருக்கு, இன்னொண்ணுல இல்ல. என்ன சொல்றான்?"

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ராமநாதபுரம் டாக்டர் ஆல்டர்னேட் டேஸ் மாத்திரை கொடுத்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்குகிறோம் அல்லவா?

"மாத்தி மாத்தி இழுக்கணும் காக்கா. ஒருதடவை இடது ஓட்டை, ஒருதடவை வலது."

"எஞ்சின் என்னத்துக்குப்பா மூக்கை மாத்தணும்?"

"பிராணாயாமம்! வெள்ளைக்காரன் நம்மகிட்ட இருந்து எடுத்துருக்கான்."

(இந்த இடத்தில் என்னை யாராவது கடலில் தள்ளியிருக்கலாம்.)

காக்கா பாவம், கைத்தொழில் தெரிந்தவர், படித்தவனை நம்பினார். லாரி வைப்பர் மோட்டாரை வைத்து ஒரு தகட்டை இடமும் வலமும் ஆடவிட்டார். அது ஒரு மூக்கைப் பொத்தும், மறு மூக்கைத் திறக்கும். பார்க்கக் கவிதையாக இருந்தது. கவிதை எஞ்சினுக்கு ஆகாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த பிற்பகல். விமானத்தின் வாலை நங்கூரக் கயிற்றால் பனைமரத்தில் கட்டினோம். எஞ்சின் பிடித்தது. காசிம் மாமா கண்ணை மூடி ஓத ஆரம்பித்தார். இடது, வலது, இடது, வலது. கடற்கரையே மூச்சுப் பயிற்சி செய்வதுபோல் இருந்தது. பரீதா அக்கா முக்காட்டு நுனியைப் பல்லில் கடித்தபடி நின்றார்.

முன்னால் பாயில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. விமானத்தின் காற்றாடி கவனித்தது. பாய் முழுவதும் எழுந்து எங்கள்மேல் பொழிந்தது. வடிகட்டி இல்லாத வலது மூக்கு, தன் முறை வந்ததும், ஒரு பிடி நெத்திலியை மரியாதையாக உள்ளே இழுத்தது. மறுபக்கம் திரும்பப் போன தகடு மீனில் மாட்டி நின்றது. எஞ்சின் இருமியது, தும்மியது, வாயால் நெருப்பைக் கக்கியது. அப்புறம் அந்த மணம். அப்புறம் அலைச் சத்தம் மட்டும்.

மாமா நிறுத்தவில்லை. அந்த அமைதியிலேயே மிச்சத்தையும் ஓதி முடித்து, தாடியிலிருந்து ஒரு நெத்திலியை எடுத்தார்.

"பாதியில நின்னுபோச்சு மருமகனே. சொன்ன வாக்கு சொன்னதுதான்."

பரீதா அக்கா மணலில் கிடந்த புத்தகத்தை எடுத்துப் படத்தைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் ஓரெழுத்தும் தெரியாது.

"இந்த ரெண்டாவது ஓட்டை ஸ்பிரிங் போட்டு மூடித்தானே கிடக்கு? முன்வாசல் அடைச்சாத்தான் பின்வாசல் தொறக்கும். வீட்டுல நாங்க போறவாரது அப்புடித்தானே? இதுக்கு இங்கிலீசு எதுக்கு?"

வடிகட்டி தூசியில் அடைத்தால், எஞ்சின் மூச்சுமுட்டிச் சாகாமலிருக்க மட்டும் திறக்கும் மாற்று வழி. அவ்வளவுதான். நான் மணலில் கால் விரலால் குழி தோண்டினேன். ஆள் புதையும் அளவுக்குத் தோண்ட முடியவில்லை.

இப்போதும் என் வீட்டில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியாவிட்டால் மகள் தம்பியை அதட்டுவாள்: "ஏலே, அப்பாட்ட கேக்காத. மூக்கைப் பொத்தச் சொல்லுவாரு!"

அன்று விடுப்பு முடிந்து சவுதிக்குக் கிளம்பிய காக்காவை வழியனுப்ப உச்சிப்புளி ஸ்டேஷனுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க மூன்று நாள் ஒத்திகை பார்த்த வாக்கியம் தொண்டையிலேயே அடைத்துக்கொண்டது. எனக்குப் பின்வாசலும் இல்லை. ரயில் அசைந்தது. காக்கா ஜன்னலில் கை நீட்டி என் தலைமயிரைக் கலைத்தார்.

"மாசம் ஒரு கடுதாசி போடு தம்பி."

"கண்டிப்பாப் போடுறேன் காக்கா."

ரயில் வேகமெடுத்தது. அவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்:

"தமிழ்லயே போடு!"