பூட்ஸ் போட்ட சாய்வெழுத்து

ஆம்பூர்
8-6-1954

மகா கனம் பொருந்திய மாப்பிள்ளை பக்தவச்சலம் அவர்களுக்கு, மச்சான் வேலாயுதம் கும்பிட்டு எழுதுவது. இங்கே டேனரித் தோல் நாற்றம் உட்பட எல்லோரும் சௌக்கியம். குடியாத்தத்தில் தங்கச்சி பூரணியும் உங்கள் நாலு தறியும் சத்தம் குறையாமல் இருப்பதாக நம்புகிறேன்.

லுங்கிக்கு ஒட்ட உங்கள் பேர் போட்டு நான் அச்சடித்து பஸ்ஸில் அனுப்பிய லேபிளில் இங்கிலீஷ் எழுத்தெல்லாம் சாய்ந்து விழுகிறது, முதல் சரக்குக்கே அபசகுனம், ஒட்ட மாட்டேன் என்று ஒரு லேபிளையும் கவரில் வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை வேலூர் கடைக்குச் சரக்கு போகாவிட்டால் கடைக்காரர் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார் என்று பூரணி அதே கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் அழுதிருக்கிறாள். மாப்பிள்ளை, இங்கிலீஷ் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அதனால் நாம் இதைப் பற்றித் தாராளமாகப் பேசலாம். விழுகிற எழுத்தா அது? ஒவ்வொரு காலிலும் பட்டையாக ஒரு கட்டை இருக்கிறதே, பூட்ஸ் போட்ட மாதிரி, அதைப் பார்த்தீர்களா? பிரஸ்காரர் சத்தார் பாய் முதலில் நேரெழுத்தைத்தான் காட்டினார். அது ஜெயில் வாசல் சென்ட்ரி மாதிரி விறைத்து நின்றது. இன்னொன்று சாய்ந்திருந்தது, ஆனால் வெறுங்கால், கல்யாணப் பத்திரிகை நெளிவு. "பாய், லுங்கி கட்னவன் நடக்கணும், நிக்கவும் கூடாது, நெளியவும் கூடாது"ன்னேன். அப்புறம்தான் இதை எடுத்தார். "இது எதிர்க்காத்துல நடக்கிறவன், வேலாயுதம். வேகமும் இருக்கும், அழுத்தமும் இருக்கும். ஏலம், சர்க்கஸ், புது பஸ் ரூட்டுன்னா இதான் போடுவேன். புஸ்தகம் பூரா போட்டா படிக்கிறவனுக்கு மூச்சு வாங்கும்" என்றார்.

நான் அதோடு விட்டேனா, டேனரியில் எல்லோரிடமும் இதையே சொல்லித் திரிந்தேன். மேனேஜர் நசீர் அகமது சாயபு கூப்பிட்டு, "எழுத்துக்கு இன்னாத்துக்குய்யா பூட்ஸு?" என்றார். "நம்ம தோலு சீமைக்குப் போயி இன்னா ஆவுதுங்க, பூட்ஸுதானே"ன்னேன். சாயபுக்குச் சிரிப்பு தாங்கலை. ஆட்டுத்தோல் கட்டுக்கும் அதே எழுத்தில் லேபிள் அடிக்கச் சொல்லிட்டார். சீமைக்குப் போற தோலுக்கு ஆவுற எழுத்து வேலூருக்குப் போற லுங்கிக்கு ஆவாதா? ரெண்டு லேபிள் கட்டும் ஒரே நாளில்தான் வந்தது, உங்களுடையதை நானே பார்த்து என் கையால் பிரித்து பஸ் ஏற்றினேன். ஆகவே கடிதம் கண்டவுடன் பசை காய்ச்சுங்கள்.

தறி ஓடவும், தங்கச்சி சிரிக்கவும், நீங்கள் மச்சான் பேச்சைக் கொஞ்சமாவது கேட்கவும் வேண்டிக்கொள்ளும்,
வேலாயுதம்

பி.கு. பசை காய்ச்ச வேண்டாம். சத்தார் பாய் இப்பதான் வந்தார். நீங்க திருப்பி அனுப்பின லேபிளை எடுத்துப் படிச்சார். அதுல இங்கிலீஷ்ல 'முதல் தர ஆட்டுத்தோல்'னு போட்டிருக்காம். உங்க பிடிவாதத்தை நான் இனிமே கிண்டல் பண்ண மாட்டேன். புது லேபிளோட வியாழக்கிழமை நானே வர்றேன். சாயபுகிட்ட இன்னும் சொல்லலை. உங்க லேபிள் ஒட்டின தோல் கட்டு முந்தாநாளே மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போய்டுச்சு. மானம் கப்பலேறிடுச்சுன்னு நெனைக்காதீங்க மாப்பிள்ளை, உங்க பேருதான் ஏறியிருக்கு. சாஞ்சிக்கினுதான் போவுது, ஆனா பூட்ஸ் போட்டுக்கினு போவுது.