கட்டம் சாரின் கடைசிச் சீட்டு

இல்லாத ஒன்றைக் கண்டு பூரித்துப்போகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் மேனாம்பேட்டில் எங்கள் தெருவில்தான் இருந்தார். கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வுபெற்றவர். பிளாஸ்டிக் குழாயில் செய்த ஒரு சதுரச் சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் பால் வாங்கவே போவார். அதனால் எங்களுக்கு அவர் கட்டம் சார். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு மனைவி இருந்தார்; அந்த அம்மாவும் போய்விட்டார்.

ஒரு மழைக்காலத்தில் உள்ளங்கை அகல நத்தைகள் தெருவுக்கு வந்தன. சுவரில் நத்தை, செருப்புக்குள் நத்தை. எங்கள் தெருவாசிகள் சங்கச் செயலாளர் பழியைத் தூக்கி ஸ்டெல்லா அக்காவின் கீரைத் தோட்டத்தின்மேல் போட்டார். காலி மனையில் கீரை போட்டுத்தான் அக்கா பிழைத்துவந்தார். மனைக்காரரிடம் சொல்லித் தோட்டத்தை அழித்துவிடுவது என்று கூட்டத்தில் ஏறக்குறைய முடிவே ஆகிவிட்டது.

"இன்னா சார் இது! நத்த என் கீரையத்தான் துன்னுகினு கீது. நானா அத்த வளக்கறேன்?" என்று அக்கா அழுதார்.

கட்டம் சார் எழுந்தார். "எல்லாரும் தோட்டத்துலயே தேடுறீங்க, அதனால தோட்டத்துலயே கிடைக்குது. தெரு முழுக்க எண்ணிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க."

வீடுகள், காலி மனை, சர்ச் வாசல் எல்லாவற்றையும் சீட்டில் எழுதி பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கினார். எந்தச் சீட்டு வருகிறதோ, அங்கே போய்க் கண்ணை மூடிக்கொண்டு சட்டத்தை வீசுவார். சட்டத்துக்குள் இருக்கும் நத்தைகளை எண்ணுவார். ஒருமுறை சட்டம் செயலாளரின் புதுக் கார்மேல் விழுந்தது.

"இங்க ஒண்ணுமில்ல!" என்று சார் கூத்தாடினார்.

"இல்லாததுக்கு ஏன் சார் இவ்ளோ சத்தம்?" என்றார் செயலாளர், கீறலைத் தடவியபடி.

"இல்லேங்கறதையும் எழுதணும் சார். அப்பதான் எங்க இருக்குன்னு புரியும்."

கடைசியாக வந்த சீட்டு கட்டம் சாரின் வீடு. கொல்லையில், ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவே சட்டம் விழுந்தது. தரையே தெரியவில்லை, அத்தனை நத்தை. எழுதிவைத்த கணக்கைப் பார்த்தால், அங்கிருந்து தள்ளிப்போகப் போக எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது. கீரைத் தோட்டத்தில்கூடக் கொஞ்சம்தான். அந்தத் தொட்டிகள் அவர் மனைவி கடைசியாக ஏதோ நர்சரியிலிருந்து ஆசையாக வாங்கிவந்தவை.

செயலாளருக்கே மனசு கேட்கவில்லை. "வேற சீட்டு எடுத்துடலாம் சார். உங்களைப் போய் யார் சொல்லுவா?"

"வந்த சீட்டை மாத்தக் கூடாது." சார் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டார். "இந்தத் தொட்டி மண்ணோட வந்து, இங்கேருந்துதான் பரவியிருக்கு. தோட்டத்தை விட்டுடுங்க."

மறுநாள் அந்தத் தொட்டிகளை அவரே ஒவ்வொன்றாக உப்புத் தண்ணீரில் கவிழ்த்தார். கூடமாட உதவிய ஸ்டெல்லா அக்கா கெஞ்சினார்: "அம்மா நெனப்பா ஒண்ணாச்சும் வச்சிக்கோங்க சார்."

"அதுலயும் முட்டை இருக்கும்மா," என்று அதையும் கவிழ்த்தார்.

போன வருஷம் கட்டம் சார் காலமானார். அவருடைய சட்டம் இப்போது கீரைத் தோட்டத்தில் நிற்கிறது. அக்கா அதில் அவரைக்கொடி ஏற்றிவிட்டிருக்கிறார். சட்டத்துக்குள் எத்தனை பூ என்று சாருக்காக எண்ணத் தொடங்கினேன். பாதியிலேயே கண் கலங்கி, கணக்கு தப்பிவிட்டது.