காரைத் தரையில் உட்கார வைத்த மைத்துனருக்கு

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் வீட்டுக்காரர் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். அங்கே நீங்களும், வீட்டாரும், உங்கள் பட்டறையில் கைகால் கழன்று கிடக்கும் கார்களும் நலமாக இருக்க வேண்டும். என் பையன் வங்கி வேலையை உதறிவிட்டு உங்களிடம் கிரீஸ் பூசிக்கொள்ள வந்த நாளிலிருந்து நான் உங்களோடும் பேசவில்லை, அவனோடும் பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லு உன் பிள்ளையை" என்று உங்கள் அக்காவைத் தூது விட்டே குடும்பம் நடத்தினேன். பாவம், சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தே அவள் இளைத்துவிட்டாள். இப்போது உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் சொல்ல இன்னும் வாய் வரவில்லை, அதனால் கடிதம். நன்றிக்கு முன்னால் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

போன மாதம் அவன் தன் சின்னக் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது நாலு டயரும் பஞ்சர் என்றுதான் நினைத்தேன். இருந்த நல்ல ஸ்பிரிங்கையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டுக் குட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கிறானாம், தன் கையாலேயே செய்த முதல் வேலையாம், நீங்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டினீர்களாம், உங்கள் அக்காவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "எவ்வளவு அழகா பதுங்கி நிக்குது பாருங்க" என்கிறாள். பதுங்குகிறதாம்! உயரமாகப் பிறந்த வண்டியைக் காலை ஒடித்து உட்கார வைப்பார்களா யாராவது? தினமும் அதன் அடியில் தூங்கும் எதிர்வீட்டுப் பூனை மறுநாள் வந்து, தலையை நுழைத்துப் பார்த்து, முடியாமல், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. அந்த வாயில்லா ஜீவனின் சாபம் உங்களைத்தான் சேரும்.

செவ்வாய்க்கிழமை நான் கண் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. சொட்டு மருந்து விட்டால் பார்வை மங்கும், துணைக்கு ஆள் வேண்டும். "அவன் கூட்டிட்டுப் போவான், வாயை மூடிட்டு ஏறுங்க" என்றாள் உங்கள் அக்கா. வாயை ஏற்கெனவே மூடித்தானே வைத்திருந்தேன்! ஏறினேன் என்று சொல்வது தப்பு, கிணற்றுக்குள் இறங்குவது போல இறங்கினேன். தெருமுனை வேகத்தடையில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம், என் அடிவயிறே உரசியது போல இருந்தது. வண்டி நின்றுவிட்டது, பின்னால் ஹாரன் காதைக் கிழிக்கிறது. பையன் நேராகப் பார்த்துக்கொண்டே, "அப்பா, கொஞ்சம் இறங்குறீங்களா? வெயிட் குறைஞ்சா தாண்டிடும்" என்றான். மச்சான், இத்தனை மாதம் கழித்து அவன் என்னை அப்பா என்று கூப்பிட்டான், அதுவும் எடையைக் குறைப்பதற்காக! இறங்கினேன், வண்டி தாண்டியது, நடந்து போய் மறுபடி ஏறினேன்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் அடுத்த வேகத்தடை. "இறங்கணுமா?" என்றேன். "இறங்கணும்ப்பா." "ஏன்டா, வண்டிக்குள்ள மனுஷன் உட்காரக் கூடாதுன்னு உங்க மாமா சட்டம் போட்டிருக்காரா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டான். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். அதற்கடுத்த இடத்தில் ஸ்கூட்டரில் போன ஒரு பெண் நிறுத்தி, "ஐயோ பெரியவரே, பெத்த பிள்ளையே நடுரோட்டுல இறக்கி விட்டுட்டானா? ஏறுங்க, நான் விடுறேன்" என்றாள். "அதெல்லாம் இல்லம்மா, எங்க வண்டி இப்படித்தான் ஓடும்" என்று நானே பரிந்து பேசிவிட்டு வந்தேன். இப்படி இறங்கி ஏறி, இறங்கி ஏறி, ஒவ்வொரு தடவையும் இரண்டு வார்த்தை கூடிக்கொண்டே போயிற்று. ஆஸ்பத்திரி வாசலில், "வங்கியில இருந்தவரைக்கும், சாயந்தரம் வீட்டுக்கு வந்து, இதை நான் செஞ்சேன்னு காட்ட ஒண்ணும் இருந்ததில்லப்பா" என்றான். எனக்கு ஒரு கால் ரோட்டில், ஒரு கால் காருக்குள், திட்டுவதற்குத் தோதான நிலைமை இல்லை. "இதை அப்பவே சொல்லித் தொலைக்கறதுதானே?" என்றேன். "நீங்க கேட்கவே இல்லையேப்பா." கேட்கவில்லைதான் மச்சான்.

திரும்பும்போது கண்ணெல்லாம் மங்கல். ஒவ்வொரு வேகத்தடையிலும் என்னை ஓரமாக நிற்க வைத்து, வண்டியைத் தாண்டி நிறுத்திவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். கை சொரசொரவென்று இருந்தது, உழைக்கிற கை. கண்ணீர் வந்தது, மருந்து எரிகிறது என்று சொல்லிவைத்தேன். வாசலில் பேச்சுக்குரல் கேட்டு விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று உங்கள் அக்கா அவசரமாகப் பால் காய்ச்சிவிட்டாள். என் பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடுத்தது உங்கள் குட்டை ஸ்பிரிங்தான். வேலையில் கொஞ்சம் கோளாறு இருந்தாலும், நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். பட்டறை செழிக்கட்டும், குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
கோபம் தணிந்த அக்கா வீட்டுக்காரர்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உங்கள் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "என்னது, இறங்கினீங்களா?" என்கிறாள். நேற்று அவளும் பக்கத்து வீட்டம்மாவும் இரண்டு மூட்டை வெங்காயமும் அதே காரில் அதே வழியாகத்தான் வந்தார்களாம். எங்கேயும் உரசவில்லை, யாரும் இறங்கவில்லை. "வேகத்தடையில நேரா விடாம, சாய்வா ஒவ்வொரு சக்கரமா ஏத்தினா தாண்டிடும்மா, முதல் நாளே மாமா சொல்லிக் கொடுத்துட்டாரு" என்றானாம் பையன். ஆகவே மேலே உங்கள் வேலையைப் பற்றிச் சொன்ன குறையெல்லாம் வாபஸ். எனக்கு விஷயம் தெரியும் என்று அவனிடம் மூச்சு விட்டுவிடாதீர்கள் மச்சான். வரும் செவ்வாய் மறுபடி டாக்டரிடம் போகிறோம், நான் இறங்கித்தான் நடப்பேன்.