கிள்ளான் குயிலும் மேரு புறாவும்

இசைத் தொழிலில் இரண்டு விதமான ஆட்கள் உண்டு. பாட்டு தெரிந்தவர்கள் ஒரு விதம். கம்பெனி ஆரம்பிப்பவர்கள் இன்னொரு விதம். நான் கம்பெனி ஆரம்பித்தவன். அதற்கு மேல் என் சங்கீத ஞானத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

எண்பதுகளின் நடுவில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் ‘நவயுக நாதம்’ என்று பெயர்ப்பலகை மாட்டினேன். அந்த வட்டாரத்தில் என்னைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள். தமிழ்நாட்டுக் கேசட்டை வாங்கி விற்றால் போதும் என்று நினைக்காமல், இந்த ஊர்ப் பிள்ளைகள் பாடியதை இந்த ஊரிலேயே பதிவு செய்து விற்கத் துணிந்தவர்கள். யாருக்கும் முதல் கிடையாது, ஆனால் ஆளுக்கொரு புது ஐடியா இருந்தது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

அப்பாவுக்கு அந்தப் பெருமை இல்லை. அவர் யாழ்ப்பாணத்து வழி வந்தவர், ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சொந்தத்தில் ஓர் ஆண்பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம் இல்லையென்றால், உடம்புக்கு என்ன என்றுதான் விசாரிப்பார்கள். நானோ கிடைத்த கிளார்க் வேலைக்குச் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டுக் கேசட் கம்பெனி நடத்தினேன். அப்பா ஒருநாள் சாப்பாட்டு மேசையில் தீர்ப்புச் சொன்னார்.

“உன்ர வெளியீட்டுக்கு வாறன். வந்து பாப்பன். சரிவரேல்லையெண்டால், லீவு முடிஞ்ச உடன நீ கந்தோருக்குப் போறாய். அதுக்குப் பிறகு கதை இல்லை.”

ஆக, ஒரே ஒரு கேசட். அது ஓடினால் நான் முதலாளி, ஓடாவிட்டால் மறுபடியும் கிளார்க்.

பாடகி ஜெயந்தி, கிள்ளானில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். (அப்போது என்னை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவாள். இப்போது அதை ஞாபகப்படுத்தினால் அன்றைக்கு எனக்குச் சோறு கிடையாது.) அவளுக்கு ‘கிள்ளான் குயில்’ என்று பட்டம் கொடுத்துப் போஸ்டர் அடித்தேன். இசை, செந்தூல் மணியம். கீபோர்டு வாசிப்பான், ரெக்கார்டிங் பார்ப்பான், லோரியும் ஓட்டுவான்.

பாட்டெல்லாம் பிரமாதமாக வந்துவிட்டது. விற்க நகல் எடுப்பதற்கு வெற்றுக் கேசட் வாங்கத்தான் வழியில்லை. அப்போதுதான் மணியம், கிள்ளானை அடுத்த மேருவில் ஒரு தவுக்கேயை, அதாவது சீன முதலாளியை, பிடித்தான். அவருடைய தொழிற்சாலையில் விற்காத கேசட்டுகள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. எல்லாம் மெர்போக் கேசட். மெர்போக் என்பது சின்னஞ்சிறு புறா. மலாய்க்காரர்கள் ஆசையாகக் கூண்டில் வளர்த்துக் கூவும் போட்டிக்குக் கொண்டுபோவார்கள். இளம் புறா நன்றாகக் கூவப் பழக, கெட்டிக்காரப் புறாவின் குரலைக் கேசட்டில் போட்டுக் காட்டுவார்கள். அந்தப் புறாக் குரலின் மேலேயே நம் பாட்டைப் பதிவு செய்துவிடலாம் என்பது என் ஐடியா.

“புறா அழிஞ்சிடும்லா பாஸ்,” என்றான் மணியம். ஒரு கேசட்டைப் போட்டு முதல் பாட்டைக் கேட்டோம். புறா இல்லை. அத்தோடு திருப்தியடைந்து, பழைய லேபிளைச் சுரண்டிவிட்டுப் புது லேபிள் ஒட்டினோம். பாட்டு முடிந்த பிறகும் ஒரு பக்கத்தில் நாடா மிச்சம் இருக்கும், அந்த மிச்சத்தில் புறா பத்திரமாக உட்கார்ந்திருக்கும் என்பது இரண்டு மேதைகளுக்கும் தோன்றவில்லை.

இதற்கு மேல் இன்னொரு ஐடியாவும் வைத்திருந்தேன். எல்லாரும் நல்ல பாட்டை முதலில் வைப்பார்கள், நான் கடைசியில் வைத்தேன். அதுவும் வெள்ளைக்காரப் பாட்டைப்போல் ஆலாபனை மெல்ல மெல்லத் தேய்ந்து முடிகிற மாதிரி. முடிந்ததா இல்லையா என்று பாடியவளுக்கே தெரியாது.

வெளியீட்டு விழா கிள்ளானில், ஒரு கல்யாண மண்டபத்தில். முன்வரிசையில் டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பிரமுகர், பக்கத்தில் நகராண்மைக் கழகத்து மலாய் அதிகாரி ஒருவர், அவருக்கு அடுத்து என் அப்பா. டத்தோ முதல் கேசட்டைப் பெற்றுக்கொண்டதும், அதன் கடைசிப் பாட்டை டெக்கில் போடுவோம், மேடையில் ஜெயந்தி வாயை அசைப்பாள், மணியம் கீபோர்டில் கையை அசைப்பான். அப்போதெல்லாம் வெளியீடுகளில் அதுதான் வழக்கம். மைக்குக்கு ஒயர்கூடக் கிடையாது.

அவளிடம் நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்: “ஸ்பீக்கர்ல சத்தம் வந்துக்கிட்டிருக்கிற வரைக்கும் உதட்ட நிறுத்தக்கூடாது. என்ன ஆனாலும் சரி.”

டெக்கை யாரும் தொட்டுவிடக் கூடாது என்று, ஓடவிட்ட கையோடு அது இருந்த பக்கத்து அறையைப் பூட்டினேன். சாவியை இரவல் கோட்டில் போட்டுக்கொண்டு அப்பா பக்கத்தில் வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

பாட்டு ஓடியது. சனம் அசையவில்லை. அப்பாவின் விரல்கூட நாற்காலிக் கையில் தாளம் போட்டதை என் கண்ணாலே பார்த்தேன். ஆலாபனை தேய்ந்தது. ஜெயந்தி கண்ணை மூடி, கையை மெல்ல உயர்த்தினாள். பாட்டு முடிந்தது.

கூ... குக் குக் குக்.

ஸ்பீக்கரில் சத்தம் வந்துவிட்டது அல்லவா? ஜெயந்தி சொன்ன சொல் மாறாதவள். உதட்டைக் குவித்துப் புறாவோடு சேர்ந்து கூவினாள். அடுத்த கூவலுக்குத் தலையை ஆட்டி ஒரு கமகமும் கொடுத்தாள். மணியம் என்ன செய்வதென்று தெரியாமல் கீபோர்டில் விரலை ஓட்டிப் புறாவுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிற மாதிரி நடித்தான். டத்தோ என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்பா திரும்பவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எழுந்து ஓடினேன். அந்த இரவல் கோட்டில் எத்தனை பை இருந்ததென்று தைத்தவனுக்குத்தான் தெரியும். கதவுக்கு முன்னால் நின்று ஒவ்வொரு பையாகத் துழாவுகிறேன், உள்ளே புறா விடாமல் கூவுகிறது, மண்டபம் சிரிப்பில் அதிர்கிறது. ஒருவழியாக உள்ளே போய் டெக்கை நிறுத்தினேன். வெளியே வர மனமில்லை. அங்கேயே சுவரில் சாய்ந்து, கந்தோருக்குப் போட்டுப்போகிற சப்பாத்து எங்கே கிடக்கிறது என்று யோசித்தேன்.

அப்போது ஜெயந்தியின் குரல் கேட்டது. டெக் ஓடவில்லை, மைக்கும் இல்லை. வெறும் தொண்டையில் அதே ஆலாபனையை எடுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பின்வரிசை வரை அந்தக் குரல் போனது. பாடி முடித்ததும் மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அவமானத்தில் பாதி, கர்வத்தில் பாதி.

விழா முடிந்ததும் அந்த மலாய் அதிகாரி என்னைத் தேடி வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். “பாகுஸ்,” பிரமாதம் என்று தோளைத் தட்டி, வீட்டில் இருக்கும் தன் மெர்போக்குக்கு ஒரு கேசட் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார். அப்பா மட்டும் கிள்ளானிலிருந்து வீடு வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

குயில் என்று போஸ்டர் ஒட்டிப் புறாவைக் காட்டியவன் என்று ஊர் முழுக்கப் பேச்சு. ஆனால் பேசியவர்கள் எல்லாம் கேட்கவும் ஆசைப்பட்டார்கள். கேசட் முழுக்க விற்றுத் தீர்ந்தது. ரோஷம் வந்து, அடுத்த தடவை சுத்தமான புது நாடாவில் புறா இல்லாமல் பதிவு செய்து அனுப்பினேன். ரவாங் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். “அண்ணே, குருவி இல்லன்னா வேணாங்கறாங்க,” என்றார். என் ஐடியாக்களிலேயே சனம் ஏற்றுக்கொண்டது நான் யோசிக்காத ஒன்றைத்தான்.

லீவு முடிய இன்னும் சில நாள்தான். ஒரு மாலை அப்பா பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையிலிருந்து வந்து, காய்கறிப் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து மேசையில் வைத்தார். மங்கலாக அச்சடித்த படம், ஜெயந்தியின் மூக்கே தெரியவில்லை. யாரோ திருட்டுத்தனமாக நகல் எடுத்து, புறாவையும் விடாமல் சேர்த்துப் போட்டிருந்தார்கள். என் பிழைப்பில் மண் விழுந்தது என்று தலையில் கை வைத்தேன். அப்பாவோ நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“களவெடுக்கிறவன் வீடு பாத்துத்தான் ஏறுவான், தம்பி. உன்ர வீட்டில ஏறியிருக்கிறான். நீ கந்தோருக்குப் போக வேண்டாம்.”

நான் போகவில்லை. தொண்ணூறுகளில் அதே திருடர்கள்தான் எங்களை எல்லாம் மூடவைத்தார்கள் என்பது வேறு கதை. மேல்மாடிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பலகையைக் கழற்றின. கூட இருந்தவர்களில் ஒருவர் திரைச்சீலை விற்றார், ஒருவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். மணியம் லோரிக்கே திரும்பினான். ஒருவரும் சோர்ந்து போனதாக எனக்குத் தெரியவில்லை. பலகையைக் கழற்றிய அன்று நானும் சோரவில்லை, கிள்ளான் குயில்தான் என் வீட்டிலேயே இருந்தாளே.

அப்பா போன பிறகு அவருடைய அலமாரியைத் திறந்தோம். வேட்டிகளுக்கு நடுவில், நான் கொடுத்த கேசட் இல்லை, அந்தத் திருட்டுக் கேசட்தான் இருந்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் “எனக்கு ஒரு ஐடியா” என்று ஆரம்பித்தால் போதும், பேரப்பிள்ளை வரைக்கும் கூவத் தொடங்கிவிடுவார்கள். இந்தக் கட்டுரை எழுதப்போகிறேன் என்று போன வாரம் ஜெயந்தியிடம் சொன்னேன். அவள் கையை மெல்ல உயர்த்தி, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்.