ரெபரன்ஸ் பத்தொன்பது, விஷயம் அரை வரி

9-10-1979. ரெபரன்ஸ் இல்லை. விஷயம் பத்து வரி.
14-11-1979. ரெபரன்ஸ் நான்கு. விஷயம் எட்டு வரி.
20-12-1979. ரெபரன்ஸ் ஏழு. விஷயம் ஆறு வரி.
22-1-1980. ரெபரன்ஸ் பத்து. விஷயம் ஐந்து வரி.
19-2-1980. ரெபரன்ஸ் பதின்மூன்று. விஷயம் மூன்று வரி.
18-3-1980. ரெபரன்ஸ் பதினாறு. விஷயம் இரண்டு வரி.
21-4-1980. ரெபரன்ஸ் பத்தொன்பது. விஷயம் அரை வரி.

ஊருக்கு ஒருவராவது இருக்கும் ஒரு ஜாதி மனிதரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவருக்கு ரெபரன்ஸ்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஏதோ ஒரு ஆபீசில் முப்பது வருஷம் கடிதம் எழுதி, ஓய்வு பெற்ற பிறகும் கை அரிப்பு நிற்காமல், அடுத்தவர் குறைகளுக்காக இலவசமாக இங்கிலீஷில் எழுதித் தருகிறவர். நல்லவர். காசு வாங்க மாட்டார். அதுதான் ஆபத்து. காசு வாங்குகிறவர் என்றால் நாலாம் கடிதத்தோடு நாமே நிறுத்திவிடுவோம் அல்லவா?

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவுக்கு வாய்த்த ரெபரன்ஸ்காரர் அருமைநாயகம். என் எதிர்வீட்டுக்காரர். எழுதிய ஒவ்வொரு கடிதத்தின் நகலையும் என்னிடம் கொடுத்து, “படிச்சுப் பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லும் வே” என்பார். நான் வார்த்தை சொல்வதில்லை. எண்ணி வைத்துக்கொள்வேன்.

அவர் கடிதம் எழுதும் முறையைக் கேளுங்கள். ‘வித் ரெபரன்ஸ் டு மை லெட்டர்’ என்று தொடங்குவார். ஒரே ஒரு கடிதத்தைக் குறிக்கும்போது முகத்தில் களை இருக்காது. இரண்டாவது தேதி வந்து, அது ‘லெட்டர்ஸ்’ ஆகிவிட்டால் போதும், கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். மூன்று தேதி, நான்கு தேதி, ஒவ்வொரு கடிதத்துக்கும் ரிஜிஸ்டர் தபால் ரசீதின் எண், அது போய்ச் சேர்ந்ததற்குக் கையெழுத்தாகித் திரும்பி வந்த அட்டையின் தேதி, ஆபீசிலிருந்து எப்போதோ வந்த பதிலின் எண் என்று பூக்கட்டுகிற மாதிரி தொடுத்துக்கொண்டே போவார். இவ்வளவும் ஒரே வாக்கியம். வினைச்சொல் அடுத்த தெருவில் நிற்கும். அத்தோடு இன்னொரு சட்டமும் உண்டு: கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஆபீசில் மதிக்கமாட்டார்களாம். ஆகவே தேதிகள் மேலிருந்து இறங்க இறங்க, விஷயம் கீழே ஒண்டிக்கொள்ளும்.

இவரிடம்தான் ஜெயபாய் டீச்சர் போய் மாட்டினார். தலைப்பில் இருக்கும் கணக்கு அவருக்காக எழுதிய ஏழு கடிதங்களுடையது.

டீச்சருக்கு வேலை வாசுதேவநல்லூரையும் தாண்டி, மலையடிவாரத்து ஊர் ஒன்றில். விடியற்காலை முதல் பஸ்ஸில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு. வீட்டில் தகப்பனார் பவுல்பாண்டியன், ஒரு பக்கம் கைகால் விழுந்து படுக்கையில். மத்தியானக் கஞ்சியைப் பக்கத்து வீட்டு இசக்கித்தாய் வந்து ஊட்டினால் உண்டு. அவள் வயல் வேலைக்குப் போன நாளில் இல்லை. டீச்சர் கேட்டது ஒன்றே ஒன்று: இந்த ஊரிலேயே இருக்கும் தங்கள் நிர்வாகத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாறுதல். முதல் கடிதத்துக்குப் பாளையங்கோட்டை நிர்வாக ஆபீசிலிருந்து பதிலும் வந்தது. ‘இப்போது காலியிடம் இல்லை. காலியாகும்போது கேட்கவும்.’

காலியாகும்வரை காத்திருக்க ரெபரன்ஸ்காரரால் முடியுமா? மாதத்துக்கு ஒரு நினைவூட்டல் போயிற்று. ஃபைல் கனத்தால்தான் மேஜையில் நிற்கும் என்பது அவர் கொள்கை. ஏப்ரலில் இங்கே ஒரு டீச்சர் ஓய்வு பெறப்போவது உறுதியானது. ஜெயபாய் ஓடிவந்தார். ஏழாம் கடிதம் பிறந்தது. கையெழுத்துப் போடும்போது டீச்சர் தயங்கினார்.

“அண்ணாச்சி, இங்கன எடம் காலியாவுதுன்னு இதுல எழுதலையே?”

“எடம் எங்க டீச்சர் இருக்கு? பக்கம் முடிஞ்சு போச்சே. ‘ஆகவே கவனிக்கவும்’னு முடிச்சிருக்கேன், பாத்தியளா?”

“எங்கப்பா படுத்திருக்கதையும் காணல.”

“அது மொத லெட்டர்லயே இருக்கு. ரெபரன்ஸ் ஒண்ணு. எடுத்துப் பாக்காமலா இருப்பான்?”

எடுத்துப் பார்க்கவில்லை. பள்ளிக்கூட விலாசத்துக்குப் பதில் வந்த அன்று சாயங்காலம், பஸ்ஸிலிருந்து இறங்கிய டீச்சர் பையைக்கூட வீட்டில் வைக்காமல் அதை எடுத்துக்கொண்டு வந்தார். நானும் அப்போது அருமைநாயகம் வீட்டில்தான் இருந்தேன். அவர் வாங்கி உரக்கப் படித்தார்.

“வித் ரெபரன்ஸ் டு யுவர் லெட்டர்ஸ்... ஏழு தேதியும் போட்டிருக்கான் வே! ஒண்ணு விடல! இப்படி ஒரு பதில் என் சர்வீஸ்ல பாத்ததில்ல.”

“அதுக்குக் கீழ படிங்க அண்ணாச்சி.”

கீழே இரண்டே வரி. சங்கரன்கோவில் காலியிடம், அதைக் கேட்டு விண்ணப்பித்திருந்த ஒரே ஆசிரியைக்கு அளிக்கப்பட்டுவிட்டது. தங்களுக்கு என்ன தேவை என்பதைத் தெளிவாகத் தெரிவிக்கவும்.

“கேட்டது யாரு?” என்றேன்.

“கரிவலம்வந்தநல்லூர் ஞானபாய்” என்றார் டீச்சர். “கார்டுல கேட்டாளாம். தமிழ்ல. நாலு வரி.”

“கார்டா!” அருமைநாயகத்துக்கு உண்மையிலேயே வருத்தம். “கார்டுக்கு ரசீது நம்பர் கெடையாதே. நாளைக்கு எத வச்சு ரெபரன்ஸ் குடுப்பா? நீங்க கவலப்படாதிய டீச்சர், எட்டாவது எழுதிருவோம். இப்ப ரெபரன்ஸ் இருவத்திமூணு சேந்துட்டு.”

டீச்சர் கடிதத்தை அவர் கையிலேயே விட்டுவிட்டு, அப்பாவுக்கு மத்தியானக் கஞ்சி கிடைத்ததா என்று விசாரிக்க இசக்கித்தாய் வீட்டுப் பக்கம் நடந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பிறகு ஒரு காரியம் செய்யுங்கள். பெண்டாட்டியிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கும் முன், போன வெள்ளிக்கிழமை கேட்டும் கிடைக்காததையும், அதற்கு முந்தின மாதம் கேட்டதையும் நாள் கிழமையோடு சொல்லிவிட்டுத்தானே கேட்கிறீர்கள்? மகனுக்குப் போன வாரம் எழுதிய கடிதம் நினைவிருக்கிறதா? அவனை எதற்குக் கூப்பிட்டீர்களோ, அது எத்தனையாவது வரியில் இருக்கிறது? எண்ணிப் பாருங்கள். எண்ணும்போது உங்கள் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தால், உங்கள் தெருவுக்கு நீங்கள்தான்.

ஒரு தேதியை விட்டுவிட்டேனே: பாளையங்கோட்டைப் பதில் வந்து சேர்ந்தது, பள்ளிக்கூடங்கள் திறந்த அன்று, 9-6-1980, திங்கட்கிழமை.